ஜான் மேனார்ட் கெயின்ஸ்

ஜான் மேனார்ட் கெயின்ஸ் (ஜூன் 5, 1883 – ஏப்ரல் 21, 1946) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பொருளியலாளர் ஆவார். பொருளாதாரம் சரிவடைந்திருக்கும் காலத்தில் அரசு தன் செலவைச் சுருக்கினால் வேலையின்மை மேலும் பெருகும் என்றும், அத்தகைய காலத்தில் கடன் பெற்றேனும் அரசு செலவிட வேண்டும் என்றும் இவர் வாதிட்டார். இவரது கருத்துக்களின் அடிப்படையில் வளர்ந்த சிந்தனைப் பிரிவு கெயின்சியப் பொருளியல் என அழைக்கப்படுகிறது. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி, வேலைவாய்ப்பு, விலைமட்டம் ஆகியவற்றை ஆராயும் பேரியல் பொருளியலின் முன்னோடியாகவும் இவர் கருதப்படுகிறார்.

மந்தநிலைக் காலத்தில் வரியைக் குறைப்பதா, அரசின் செலவைக் கூட்டுவதா என்ற விவாதத்தில் கெயின்சின் பெயர் பெரும்பாலும் செலவுத் தரப்புடன் மட்டுமே இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால் இவர் இவ்விரண்டையும் மக்களின் செலவிடும் ஆற்றலை உயர்த்தும் இரு வழிகளாகவே கண்டார். அவற்றுள் எது விரைவாகவும் உறுதியாகவும் பயன் தரும் என்பதிலேயே வேறுபாடு கண்டு, பொது முதலீட்டிற்கு முதலிடம் அளித்தார்.

பிறப்பும் கல்வியும்

கெயின்ஸ் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஜான் நெவில் கெயின்ஸ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் அளவையியலும் கற்பித்தவர். தாய் புளோரன்ஸ் ஏடா கெயின்ஸ் சமூகப் பணியாளர். 1932 இல் கேம்பிரிட்ஜ் நகர முதல்வரானார். கெயின்ஸ் ஈட்டன் பள்ளியில் பயின்று, 1902 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் கற்கச் சேர்ந்தார். 1905 இல் கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் புகழ்பெற்ற பொருளியலாளரான ஆல்பிரட் மார்ஷலிடம் சிறிது காலம் பொருளியல் பயின்றார். பொருளியலில் இவர் பட்டம் எதுவும் பெறவில்லை.

இந்திய அலுவலகம்

1906 இல் குடிமைப் பணித் தேர்வில் இரண்டாம் இடம் பெற்ற கெயின்ஸ், இலண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தில் எழுத்தராகப் பணியில் அமர்ந்தார். பம்பாய்க்குப் பத்து இளங்காளைகளைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்தது அங்கு இவருக்குக் கிடைத்த முதற்பணிகளுள் ஒன்று. 1908 இல் அப்பணியைத் துறந்து கேம்பிரிட்ஜ் திரும்பி விரிவுரையாளரானார். 1911 இல் "எக்கனாமிக் ஜர்னல்" என்ற ஆய்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

இவரது முதல் நூல் 1913 இல் வெளிவந்த "இந்திய நாணயமும் நிதியும்" என்பதாகும். அதே ஆண்டு இந்திய நாணயம், நிதி ஆகியவற்றை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார். எனினும் கெயின்ஸ் தம் வாழ்நாளில் ஒருமுறையும் இந்தியாவிற்கு வந்ததில்லை.

முதல் உலகப் போர்

1915 இல் கெயின்ஸ் பிரித்தானியக் கருவூலத்தில் இணைந்தார். போருக்குப் பின் 1919 இல் நடைபெற்ற பாரிஸ் அமைதி மாநாட்டில் கருவூலத்தின் சார்பாளராகக் கலந்துகொண்டார். தோல்வியுற்ற செருமனி மீது அதன் ஆற்றலுக்கு மீறிய இழப்பீடு சுமத்தப்படுவதாகக் கருதி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பதவி விலகினார். டிசம்பரில் வெளிவந்த "அமைதியின் பொருளாதார விளைவுகள்" என்ற நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. ஒரு நாட்டின் வருமானத்தை ஒடுக்குவதன் மூலம் அதன் கடனை வசூலிக்க முடியாது என்பது இந்நூலின் மையக் கருத்தாகும்.

தங்க நியமம்

ஏப்ரல் 1925 இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், பிரித்தானிய நாணயத்தை மீண்டும் தங்க நியமத்தில் இணைத்தார். ஒரு பவுண்டு 4.86 டாலர் என்ற போருக்கு முந்தைய மதிப்பே நிலைநிறுத்தப்பட்டது. இம்மதிப்பு மிக உயர்ந்தது என்றும், இதனால் ஏற்றுமதி குறைந்து கூலிக் குறைப்பிற்கு வழிவகுக்கும் என்றும் கெயின்ஸ் எச்சரித்தார். அடுத்த ஆண்டே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூலிக் குறைப்பு தொடர்பாகப் பிரித்தானியாவில் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது.

1929 தேர்தலும் கருவூலத்துடன் விவாதமும்

1920களின் பெரும்பகுதியில் பிரித்தானியாவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். 1929 பொதுத் தேர்தலில் லிபரல் கட்சித் தலைவர் லாயிட் ஜார்ஜ், கடன் பெற்றுச் சாலை, வீடு, தொலைபேசி, மின்சாரப் பணிகளை மேற்கொண்டு வேலையின்மையைக் குறைப்பதாக வாக்களித்தார். கெயின்சும் ஹியூபர்ட் ஹெண்டர்சனும் இத்திட்டத்தை ஆதரித்துச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டனர்.

கருவூல அதிகாரிகள் இதனை எதிர்த்தனர். நாட்டிலுள்ள சேமிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. அரசு அதிலிருந்து கடன் எடுத்தால் தனியார் முதலீட்டிற்குக் கிடைக்கும் தொகை அதே அளவு குறையும். ஆகவே மொத்த வேலைவாய்ப்பு கூடாது என்பது அவர்களது வாதம். இது கருவூலக் கருத்து என அழைக்கப்படுகிறது. தொழிலாளரும் இயந்திரங்களும் முழுமையாக ஈடுபட்டிருக்கும் காலத்திற்கு மட்டுமே இவ்வாதம் பொருந்தும் என்று கெயின்ஸ் மறுத்தார். பத்து இலட்சம் பேர் சும்மா இருக்கும்போது, அரசின் பணி எவரையும் வேறு பணியிலிருந்து இழுத்துவிடுவதில்லை என்பது இவரது விடை.

அத்தேர்தலில் லிபரல் கட்சி 59 இடங்களை மட்டுமே பெற்றது. சிறுபான்மை அரசு அமைத்த தொழிற்கட்சி இத்திட்டத்தைப் பேரளவில் ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நிதித்துறையை ஆராய அமைக்கப்பட்ட மாக்மில்லன் குழுவில் கெயின்ஸ் உறுப்பினரானார். அதில் கருவூல அதிகாரிகளையும் இங்கிலாந்து வங்கியின் ஆளுநரையும் நேரில் வினவும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது.

1931 சிக்கன நடவடிக்கைகள்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்ததைத் தொடர்ந்து உலகெங்கும் பெருமந்தம் பரவியது. பிரித்தானியாவில் வேலையின்மை பெருகியதால் அரசின் வரி வருவாய் குறைந்து, உதவித்தொகைச் செலவு கூடியது. 1931 ஜூலையில் வெளிவந்த மே குழுவின் அறிக்கை செலவுகளைக் கடுமையாக வெட்டுமாறு பரிந்துரைத்தது. இதன் மீது எழுந்த பிளவால் ஆகஸ்டில் தொழிற்கட்சி அரசு கவிழ்ந்து, தேசிய அரசு அமைந்தது.

செப்டம்பரில் நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன் கொண்டுவந்த அவசர வரவு செலவுத் திட்டம் வரிகளை உயர்த்தியது, செலவுகளையும் குறைத்தது. வருமான வரி ஒரு பவுண்டுக்கு 4 ஷில்லிங் 6 பென்சிலிருந்து 5 ஷில்லிங்காக உயர்ந்தது. வேலையற்ற ஆண் ஒருவருக்கான வாராந்த உதவித்தொகை 17 ஷில்லிங்கிலிருந்து 15 ஷில்லிங் 3 பென்சாகக் குறைக்கப்பட்டது. ஆசிரியர், கடற்படையினர் முதலியோரின் ஊதியமும் வெட்டப்பட்டது. இரு பக்கத்திலும் மக்களின் கையிலுள்ள பணம் பறிக்கப்படுவதால் கடைகளும் ஆலைகளும் மேலும் வாடும் என்று கெயின்ஸ் கண்டித்தார். அதே மாதம் 21 ஆம் நாள் பிரித்தானியா தங்க நியமத்தைக் கைவிட்டது. 1932–33 குளிர்காலத்தில் வேலையற்றோர் எண்ணிக்கை ஏறத்தாழ 30 இலட்சத்தை எட்டியது.

சிக்கனம் தனிமனிதருக்கு நற்பண்பாக இருக்கலாம். ஆனால் அனைவரும் ஒரே நேரத்தில் செலவைச் சுருக்கினால் ஒருவரது செலவே மற்றொருவரது வருமானம் என்பதால் அனைவரது வருமானமும் சுருங்கும் என்று கெயின்ஸ் விளக்கினார். 1931 ஜனவரியில் ஆற்றிய வானொலி உரையில், இல்லத்தரசிகள் தயங்காமல் பொருள்களை வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பெருக்கி

கெயின்சின் மாணவரான ரிச்சர்ட் கான், 1931 ஜூனில் "எக்கனாமிக் ஜர்னல்" இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அரசுப் பணியில் வேலை பெற்றவர் தம் கூலியைச் செலவிடும்போது மேலும் சிலருக்கு வேலை கிடைக்கும், அவர்கள் செலவிடும்போது இன்னும் சிலருக்கு வேலை கிடைக்கும் என்ற தொடரை அது கணக்கிட்டது. இவ்விளைவு பின்னர் பெருக்கி எனப் பெயர் பெற்றது.

எடுத்துக்காட்டாக, மக்கள் தமக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் பாதியைச் செலவிட்டு மீதியைச் சேமிப்பதாகக் கொள்ளலாம். அரசு 100 ரூபாய்க்கு ஒரு சாலை அமைத்தால் முதற் சுற்றில் 100, அடுத்த சுற்றில் 50, பின் 25 என வருமானம் பெருகி மொத்தம் 200 ரூபாயை நெருங்கும். அதே 100 ரூபாயை வரிக்குறைப்பாக அளித்தால், மக்கள் முதலிலேயே 50 ரூபாயைச் சேமித்துவிடுவர். எனவே தொடர் 50 இல் தொடங்கி மொத்தம் 100 ரூபாயை நெருங்கும். வரிச்சலுகை பெறுவோர் கூடுதலாகச் சேமிக்கும் செல்வராயின் விளைவு இதனினும் குறையும். கையில் வந்ததை உடனே செலவிடும் ஏழையராயின் விளைவு கூடும். இறக்குமதிப் பொருள்களுக்குச் செலவாகும் பணமும் உள்நாட்டுத் தொடரிலிருந்து கசிந்துவிடும். பிற்காலப் பாடநூல்கள் வரிக்குறைப்பையும் அரசு செலவையும் ஒப்பிடுவது இக்கணக்கின் அடிப்படையிலேயே ஆகும்.

வரிக்குறைப்பும் அரசு செலவும்

1932 அக்டோபரில் இவ்விவாதம் "த டைம்ஸ்" நாளிதழில் வெளிப்படையாக நடைபெற்றது. தனியார் செலவைச் சுருக்குவது நாட்டுக்கு நன்மையன்று எனக் கெயின்ஸ், பிகு உள்ளிட்ட ஆறு பேர் கடிதம் எழுதினர. இரு நாட்களுக்குப் பின், பிரீட்ரிக் ஹாயெக், லயனல் ராபின்ஸ் உள்ளிட்ட இலண்டன் பொருளியல் பள்ளியின் பேராசிரியர் நால்வர் மறுப்பு எழுதினர். அரசு கடன் பெற்றுச் செலவிடுவது மீட்சியைத் தாமதப்படுத்தும் என்றும், வணிகத்தின் மீதான தடைகளை நீக்குவதே தேவை என்றும் அவர்கள் கூறினர்.

1933 மார்ச்சில் அதே நாளிதழில் கெயின்ஸ் எழுதிய கட்டுரைத் தொடர் "வளத்திற்கான வழி" என்ற சிறு நூலாக வெளிவந்தது. கடன் பெற்றுச் செய்யும் பொதுப்பணிகளுடன், கடன் பெற்று அளிக்கும் வரிச்சலுகையையும் இவர் இதில் ஒருசேரப் பரிந்துரைத்தார். பொதுப்பணிச் செலவு முழுவதும் கருவூலத்திற்கு இழப்பு அன்று; உதவித்தொகைச் செலவு குறைவதாலும் வரி வருவாய் கூடுவதாலும் அதன் ஒரு பகுதி திரும்பி வரும் என்று கணக்கிட்டுக் காட்டினார். வரி அளவுக்கு மீறி உயர்ந்தால் அது தன் நோக்கத்தையே கெடுக்கும் என்றும், போதிய கால அவகாசம் இருந்தால் வரியைக் குறைப்பதே வரவையும் செலவையும் சமன்செய்ய உதவக்கூடும் என்றும் எழுதினார். வரிக்குறைப்பை ஆதரிப்போர் பிற்காலத்தில் இப்பகுதியைச் சுட்டுவதுண்டு. எனினும் கெயின்ஸ் இதனை எக்காலத்துக்கும் உரிய விதியாகக் கூறவில்லை.

நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின் அவ்வாண்டு இப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1934 இல் வருமான வரியை மீண்டும் 4 ஷில்லிங் 6 பென்சாகக் குறைத்து, வெட்டப்பட்ட உதவித்தொகையையும் மீளளித்தார்.

ரூசவெல்ட்

ஐக்கிய அமெரிக்காவில் 1933 இல் ஏறத்தாழ நான்கு தொழிலாளரில் ஒருவர் வேலையற்றிருந்தார். அவ்வாண்டின் இறுதி நாளில் "நியூயார்க் டைம்ஸ்" இதழில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட்டுக்குக் கெயின்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். சீர்திருத்தங்களை விட மீட்சிக்கு முதன்மை அளிக்குமாறும், கடன் மூலமான அரசு செலவைப் பெருக்குமாறும் அதில் வேண்டினார். 1934 மே மாதத்தில் இருவரும் வாஷிங்டனில் சந்தித்தனர்.

பொருளாதாரம் ஓரளவு மீண்டபின் 1937 இல் அமெரிக்க அரசு செலவைக் குறைத்தது. புதிய சமூகப் பாதுகாப்பு வரியும் அவ்வாண்டில் வசூலிக்கப்பட்டது. நடுவண் வங்கியும் வங்கிகளின் கையிருப்புத் தேவையை உயர்த்தியது. இவற்றைத் தொடர்ந்து நாடு மீண்டும் சரிவுற்றது. மீட்சி வேரூன்றும் முன் சிக்கனத்தைத் தொடங்கக்கூடாது என்ற கெயின்சின் கருத்துக்கு இது சான்றாகப் பின்னாளில் சுட்டப்பட்டது.

பொதுக் கோட்பாடு

1936 பிப்ரவரியில் கெயின்சின் முதன்மை நூலான "வேலைவாய்ப்பு, வட்டி, பணம் பற்றிய பொதுக் கோட்பாடு" வெளிவந்தது. விலையும் கூலியும் தாமே இறங்கி வேலையின்மையைப் போக்கிவிடும் என்ற பழைய கருத்தை இந்நூல் மறுத்தது. நாட்டின் மொத்தத் தேவையே உற்பத்தியின் அளவைத் தீர்மானிக்கிறது. அத்தேவை குறைந்தால், பலர் வேலையற்றிருக்கும் நிலையிலேயே பொருளாதாரம் நெடுங்காலம் தங்கிவிடக்கூடும் என்பது இதன் அடிப்படை. முதலீடு செய்வோரின் எதிர்பார்ப்பு நிலையற்றது என்பதால், வட்டியைக் குறைப்பது மட்டும் போதாது என்றும் இந்நூல் கூறியது.

இக்கொள்கைக்கு மறுபக்கமும் உண்டு. நல்ல காலத்திலேயே அரசு சிக்கனமாக இருக்க வேண்டும் என்று 1937 ஜனவரியில் எழுதிய கட்டுரைகளில் கெயின்ஸ் வலியுறுத்தினார்.

இரண்டாம் உலகப் போர்

1937 இல் கெயின்ஸ் கடும் இதய நோய்க்கு உள்ளானார். போர் தொடங்கியபின் இவரது சிக்கல் தலைகீழாக மாறியது. எல்லோருக்கும் வேலை கிடைத்தது. ஆனால் வாங்குவதற்குப் பொருள்கள் இல்லை. பணவீக்கத்தைத் தடுக்க மக்களின் செலவைக் குறைக்க வேண்டும் எனக் கூறி, ஊதியத்தின் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்துப் போருக்குப் பின் திருப்பித் தரும் திட்டத்தை 1940 இல் "போருக்கு எவ்வாறு பணம் திரட்டுவது" என்ற நூலில் முன்வைத்தார். 1941 வரவு செலவுத் திட்டம் வருமான வரியைப் பவுண்டுக்கு 10 ஷில்லிங்காக உயர்த்தி, அதில் ஒரு பகுதியைப் போருக்குப் பின் திருப்பித் தர வகைசெய்தது. மந்தநிலையில் செலவை ஆதரித்தவரே பணவீக்கக் காலத்தில் உயர்ந்த வரியை ஆதரித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

போருக்குப் பிந்தைய வேலைவாய்ப்புக் கொள்கை பற்றி அரசுக்குள் நிகழ்ந்த கலந்தாய்வில், மந்தநிலையின்போது காப்பீட்டுப் பங்களிப்பைக் குறைத்து மக்கள் கையில் பணம் விடலாம் என ஜேம்ஸ் மீட் பரிந்துரைத்தார். கெயின்ஸ் இதனை முற்றிலும் மறுக்கவில்லை. ஆயினும் 1943 இல் தம் ஐயங்களைத் தெரிவித்தார். மக்கள் பழகிய வாழ்க்கைத் தரத்தை அடிக்கடி மாற்றிக்கொள்ள விரும்பமாட்டார்கள். சிறிது காலமே நீடிக்கும் வரிச்சலுகை நுகர்வை அதிகம் தூண்டாது. ஒருமுறை குறைத்த வரியை மீண்டும் உயர்த்துவது அரசியலில் மிகக் கடினம் என்பன அவை. ஆகவே அன்றாடச் செலவுக்கான வரவு செலவுத் திட்டத்தை இயன்றவரை சமநிலையில் வைத்து, முதலீட்டுக்கான தனித் திட்டத்தைக் காலத்திற்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு.

பிரெட்டன் வூட்ஸ் மாநாடு

1942 இல் கெயின்ஸ் பிரபுப் பட்டம் பெற்றார். 1944 ஜூலையில் 44 நாடுகள் கலந்துகொண்ட பிரெட்டன் வூட்ஸ் மாநாட்டில் பிரித்தானியக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் இம்மாநாட்டில் உருவாயின. கடன்பட்ட நாடுகள் மட்டும் செலவைச் சுருக்குவது உலக மந்தத்திற்கு வழிவகுக்கும் என்பதால், உபரி நாடுகளும் சுமையைப் பகிர வேண்டும் எனக் கெயின்ஸ் விரும்பினார். இதற்காக முன்னரே இவர் வகுத்த "பாங்கோர்" என்ற பன்னாட்டு நாணயத் திட்டம் ஏற்கப்படவில்லை. அமெரிக்கரான ஹாரி டெக்ஸ்டர் வைட்டின் திட்டமே பெரிதும் நிறைவேறியது. பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் இம்மாநாட்டின் இந்தியக் குழுவில் இடம்பெற்றிருந்தார்.

தனி வாழ்க்கையும் மறைவும்

கெயின்ஸ் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அடங்கிய புளூம்ஸ்பரி குழுவைச் சேர்ந்தவர். 1925 இல் உருசிய பாலே நடனக் கலைஞர் லிடியா லொப்போகோவாவை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. கிங்ஸ் கல்லூரியின் நிதிப் பொறுப்பாளராக இருந்து அதன் சொத்தைப் பெருக்கினார். 1936 இல் கேம்பிரிட்ஜ் கலை அரங்கைத் திறந்தார்.

1945 இல் அமெரிக்காவிடமிருந்து 375 கோடி டாலர் கடன் பெறும் பேச்சுவார்த்தையை நடத்தினார். ஓய்வற்ற பணி இவரது உடல்நிலையை மேலும் பாதித்தது. ஏப்ரல் 21, 1946 அன்று சசெக்ஸ் பகுதியிலுள்ள தம் டில்டன் இல்லத்தில் காலமானார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர்.

விமர்சனங்கள்

அரசின் செலவு முடிவுகள் காலந்தாழ்ந்தே நடைமுறைக்கு வருகின்றன என்றும், பணத்தின் அளவே முதன்மையானது என்றும் மில்டன் பிரீட்மன் வாதிட்டார். இன்று கடன் பெற்று வரியைக் குறைத்தால், நாளை வரி உயரும் என எதிர்பார்த்து மக்கள் அப்பணத்தைச் சேமித்துவிடுவர் என்று 1974 இல் ராபர்ட் பாரோ எழுதினார். 1970களில் பணவீக்கமும் வேலையின்மையும் ஒருசேர உயர்ந்தபோது கெயின்சியக் கொள்கையின் செல்வாக்குக் குறைந்தது. சரிவில் செலவைக் கூட்டும் அரசுகள் நல்ல காலத்தில் அதனைக் குறைப்பதில்லை என்பதும் ஒரு முக்கிய விமர்சனமாகும்.

வளரும் நாடுகளுக்கு இக்கோட்பாடு அப்படியே பொருந்தாது என இந்தியப் பொருளியலாளர் வி. கே. ஆர். வி. ராவ் 1952 இல் எழுதினார். ஆலைகள் மூடிக்கிடக்கும் தொழில் நாட்டில் செலவு உற்பத்தியைக் கூட்டும்; வேளாண்மை சார்ந்த, முதலீடு குறைந்த நாட்டில் அது விலையையே உயர்த்தும் என்பது அவரது விளக்கம்.

பிற்காலத் தாக்கம்

1964 இல் ஐக்கிய அமெரிக்கா வருமான வரியின் உச்ச விழுக்காட்டை 91 இலிருந்து 70 ஆகக் குறைத்தது. கெயின்சிய ஆலோசகர்களே இவ்வரிக்குறைப்பை முன்னின்று வடிவமைத்தனர். 2008 நிதி நெருக்கடியின்போது இவ்விவாதம் மீண்டும் உயிர்பெற்றது. பிரித்தானியா 2008 டிசம்பர் முதல் 2009 இறுதி வரை மதிப்புக் கூட்டு வரியை 17.5 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைத்தது. இந்தியா 2008 டிசம்பரில் கலால் வரியைக் குறைத்ததோடு கூடுதல் திட்டச் செலவையும் அறிவித்தது. 2009 பிப்ரவரியில் அமெரிக்கா நிறைவேற்றிய 78,700 கோடி டாலர் மதிப்புள்ள மீட்புச் சட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிச்சலுகையாகவும், எஞ்சியது செலவாகவும் அமைந்தது. 2020 இல் கொரோனா தொற்றுக் காலத்திலும் பல அரசுகள் இரு வழிகளையும் சேர்த்தே பயன்படுத்தின.